ட்ரக்டர் பெட்டி நிறைய பஸ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. கண்டியில் அம்பிட்டியப் பக்கம் ஒரு மலைச்சரிவை வெட்டி மாணவர் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே வேலையை மேற்பார்க்கிற ஓவசியர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். ஊரில் சண்டை, வேலை இல்லை. இங்கே வேலை இருந்தது, நிம்மதி இல்லை. எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். சும்மா வராது, காரணத்தோடுதான் வரும். அந்த சைட்டில் காரணத்துக்குக் குறைவே இருக்கவில்லை.

சரிவுக்குக் கீழே ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் வந்து கொட்டுகிற இடம். கீழ் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த அத்தனை சிங்களக் குடும்பங்களும் குடித்தது அதில்தான், குளித்ததும் அதில்தான். நாங்கள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிய பிறகு வந்த முதல் பெருமழைக்கு, வெட்டிய மண் முழுக்கக் கரைந்து இறங்கியது. பீலியில் தேத்தண்ணீர் கொட்டியது. பாலும் சீனியும் போட்டால் குடிக்கலாம், அப்படி ஒரு நிறம்.

அடுத்த நாள் காலை ஒழுங்கையே வாளிகளோடு மேலே ஏறி வந்துவிட்டது. முன்னால் வந்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேலையை நிறுத்த வேண்டி வரும் என்றார். பின்னால் நின்ற பெடியங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தகரக் கொட்டிலில் இருக்கிற தமிழரைக் கொட்டிலோடு சேர்த்துக் கொளுத்தினால் சேறு வராது என்று ஒருவன் சொன்னான். என் சிங்களம் அரைகுறை. ஆனால் அந்த வசனம் முழுதாக விளங்கியது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் அதே வசனத்தைக் கேட்டு ஓடியவன் நான்.

கொட்டிலில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டப்புறங்களில் இருந்து வேலைக்கு வந்த சனங்கள். கலவரத்தில் தப்பிய என்னைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்; அப்படி அனுப்புவதற்குக்கூட அவர்களுக்கு வடக்கில் ஒருவரும் இல்லை. ஆகவே ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெளிவாக இருந்தது. இனி அந்தப் பீலியில் ஒரு துளி சேறு போகக் கூடாது.

சரிவின் அடியில் பெரிய குழி ஒன்று வெட்டினோம். கலங்கல் தண்ணீர் அதில் விழும், மண் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் மேலால் வழிந்து போகும். சிங்களத்தில் பொறிக்கு 'உகுல' என்பார்கள். எலிப்பொறியும் உகுல, எங்கள் சேற்றுப் பொறியும் உகுல. சைட்டில் எல்லோருக்கும் அந்தக் குழியின் பெயர் அதுதான்.

உகுல நன்றாகப் பிடித்தது. அதுதான் அடுத்த தலையிடி. பிடிப்பது சுலபம், பிடித்ததை என்ன செய்வது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் நாடு முழுக்க அதே கதைதான், விடுங்கள்.

கொழும்பில் இருந்த கொந்தராத்துக்காரருக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன். அள்ளிப் பள்ளத்தில் கொட்டு என்றார். பள்ளத்தில் பீலி இருக்கிறது என்றேன். வேறு பள்ளத்தில் கொட்டு, கண்டியில் பள்ளத்துக்கா பஞ்சம் என்றார். பஞ்சமில்லைத்தான். ஆனால் எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் அதன் அடியில் யாரோ ஒருவர் வாளியோடு நிற்கிறார். கொழும்பில் இருந்து பார்த்தால் அது தெரியாது.

செங்கல் சூளைக்காரனிடம் போனேன். ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு, இதில் கல் வைத்தால் சுவரில் ஏறுவதற்கு முன் உதிர்ந்துவிடும் என்றான். பூங்கன்று விற்கிற அம்மா மண்ணில் கிடந்த சீமெந்துக் கட்டியைப் பொறுக்கி எடுத்து என் கையிலேயே தந்தா. குப்பை கொட்டுகிற இடத்தில், குப்பை என்றால் எடுப்போம், மண் எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, குப்பை கலந்து கொண்டுவருகிறேன் என்றேன். கலந்தால் குப்பையையும் எடுக்க மாட்டோம் என்றார்கள். அங்கே நான் சொன்ன சொற்களை இந்தப் பத்திரிகை போடாது.

இதற்குள் எங்கள் சமையல்கார அக்கா வேறு. தெல்தோட்டைப் பக்கத்து ஆள். நாங்கள் பூசணி என்பது அவவுக்கு வட்டக்காய். நாள் தவறாமல் வட்டக்காய்க் கறிதான். வெட்டிய பூசணியின் குடலை விதையோடு வழித்து வாய்க்காலில் எறிவா. வாய்க்கால் போவது நேரே உகுலவுக்கு.

"என்னக்கா செய்யிறியள்? மண்ணையே எங்க கொண்டுபோய்ப் போடுறதெண்டு தெரியாமல் நிக்கிறன். நீங்கள் அதுக்க பூசணியையும் சேக்கிறியள்!"

"கொடல வேற எங்க போடுறது சார்? உங்க தலையிலயா? சோறு திங்கிறப்ப மட்டும் வட்டக்கா இனிக்குதில்ல?"

அவவோடு பேசி ஜெயித்த மனிதன் அந்த சைட்டில் இல்லை.

ஐப்பசி வந்தது. கண்டியில் ஐப்பசி என்றால் மத்தியானம் வரை வெயில், பின்னேரம் வானம் பொத்துக்கொள்ளும். உகுல வாய் வரை நிரம்பிவிட்டது. ஈரச் சேற்றை அப்படியே ஏற்ற முடியாது. ரோட்டெல்லாம் வழியும். ஆகவே அள்ளிக் கரையில் குவித்து வெயிலில் காயவிட்டிருந்தோம். அடுத்த மழை வந்தால் குவித்தது எல்லாம் திரும்பக் குழிக்குள் இறங்கும். குழி கொள்ளாது. நேரே பீலிதான்.

எங்கள் ட்ரக்டர் ட்ரைவர் நல்ல செய்தி ஒன்று கொண்டுவந்தான். தெல்தோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிற அவன் மாமா, தன் வீட்டு முற்றத்தை நிரவ மண் தேடுகிறாராம். உடனே ட்ரக்டர் பெட்டி நிறைய ஏற்றினோம். ஒரே ஒரு பயம், வழியில் ஆமி செக் பொயின்ற். அங்கே பெட்டியில் என்ன என்று கேட்பார்கள்.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். சேற்றுக்குச் சிங்களத்தில் 'மட' என்று எனக்குத் தெரியும். ஆனால் துவக்கு வைத்திருப்பவனின் முகத்தைப் பார்த்து 'மட' என்று சொல்லத் தமிழன் ஒருவனுக்கும் வாய் வராது. மடையன், மடப்பயல் எல்லாம் அந்த மடவில் இருந்துதானே தொடங்குகின்றன. ஆகவே மரியாதையான சொல் ஒன்று தாரும் என்று எங்கள் மேசனிடம் கேட்டேன். அவர் கலகெதரச் சிங்களவர். மேசன், தச்சன் எல்லோரையும் இங்கே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் அன்று கடும் கோபத்தில் இருந்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டு காணாமல் போய்விட்டது, யாரோ எடுத்துவிட்டான் என்று சாரத்தின் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். கத்துகிற இடைவெளியில், மண்ணுக்குப் 'பஸ்' என்று சொல் என்றார்.

பழம், பல்லு என்று சொல்லும்போது வருகிற ப. அந்தப் ப போட்டு பஸ் என்றால் மண். ஏறிப் போகிற பஸ்ஸுக்கு வேறு ப. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. யாழ்ப்பாணத்தான் வாயில் பஸ் என்றால், அவன் பிறந்ததில் இருந்து ஏறிப் போகிற பஸ்தான். இது எனக்கு அன்று தெரியாது.

புறப்படும்போது ட்ரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "தம்பி, நான்தான் கதைப்பன். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரிங்க சார். நான் ஏன் வாயத் தொறக்கிறேன்?"

செக் பொயின்றில் ஒரு சின்ன ஆமிக்காரன் கை காட்டினான். பின்னால் மண் மூட்டை அடுக்கிய காவலரண். அதன் நிழலில் கோப்ரல் ஒருவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"பெட்டியில் என்ன?"

"பஸ்."

"என்ன?"

"பஸ். பெட்டி நிறைய பஸ்."

அவன் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தான்.

"இதுக்குள்ளே பஸ்ஸா?"

"ஓம். நல்லாக் காய்ந்த பஸ். இன்னும் நிறைய இருக்கிறது, பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்."

அவன் முகம் மாறியது. பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். மண் ஏற்றிப் போக அனுமதி வேண்டும், அதற்கும் 'பாஸ்' என்றுதான் சொல்வார்கள். அவன் கேட்டது அதை.

"பாஸ் எங்கே?"

நாள் முழுக்க சைட்டில் நான் கேட்கிற கேள்வி அது. மேசனைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"பாஸ் சைட்டில். சாரத்தில் ஏறி நிற்கிறார்."

"பாஸ் இல்லாமல் போக முடியாது."

"இறங்கி வரச் சொன்னால் பாஸுக்குக் கோபம் வரும். காலையில் இருந்தே கத்திக்கொண்டிருக்கிறார்."

"பாஸ் கத்துமா?"

"நீர் வந்து பாரும். தாய் தகப்பன் எல்லாம் வரும் வாயில்."

பக்கத்தில் இருந்து ட்ரைவர் என் சட்டையை இழுத்தான். "சார், கும்பிடுறேன் சார், பேசாம இருங்க. நீங்க பேசப் பேச நம்ம ரெண்டு பேத்தையும் உள்ள தூக்கி வச்சுருவானுங்க."

ஆமிக்காரன் கடைசியாக ஒன்று கேட்டான். "இதை எங்கே இருந்து எடுத்தாய்?"

உண்மையைச் சொன்னேன். "உகுலவில் இருந்து." பொறியில் இருந்து!

துவக்கு நிமிர்ந்தது. கோப்ரல் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து வந்தான். என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தான். யாழ்ப்பாணம். பிறகு ஒரே ஒரு சொல். கொட்டு.

பெட்டியை நிமிர்த்தி அவ்வளவு மண்ணையும் ரோட்டோரத்தில் கொட்டினோம். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏற்றின மண்ணை இறக்கி, திரும்ப ஏற்றி, மிச்சத்துக்கும் போய் வருவதென்றால் மழை முந்திக்கொள்ளும். சின்ன ஆமிக்காரன் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தான். ஒரு பாட்டாச் செருப்பு வந்தது. பூசணி விதை பிடி பிடியாக வந்தது. ஒரு கரண்டி வந்தது. பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். ட்ரைவர் குனிந்து கையை விட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"சார்! நம்ம குண்டு! நம்ம குண்டு கெடச்சிருச்சு சார்!"

அங்கே நின்ற ஆமிக்காரர் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு சொல் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் நன்றாகப் படிப்பித்து அனுப்பியிருந்தார்கள்.

எல்லோரும் ரோட்டில் குப்புற விழுந்தார்கள். அந்த வழியால் வந்த மீன்காரன் சைக்கிளைப் போட்டுவிட்டு, மீன்பெட்டிக்குப் பின்னால் படுத்தான். நானும் படுத்தேன். அது என்ன குண்டு என்று எனக்குத் தெரியும். இருந்தும், எல்லோரும் படுக்கிறபோது தனியாக நிற்கக் கூடாது என்று பழகிப்போன உடம்பு இது. நின்றவன் ட்ரைவர் மட்டும்தான். கையில் கயிறு, கயிற்றின் நுனியில் பித்தளைக் குண்டு, அது பெண்டுலம் மாதிரி ஆடுகிறது. படுத்தபடியே சின்ன ஆமிக்காரன் துவக்கை அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். விரல் விசையில் இருந்தது. அந்த ஒரு கணம் பகிடி இல்லை. "கீழ போடாத, ஆடாத, அப்பிடியே நில்லடா!" என்று தமிழில் கத்தினேன். அவனுக்கு ஆடாமல் நிற்க முடியவில்லை. கால் ஆடியது, கை ஆடியது, குண்டும் ஆடியது.

கோப்ரல் தலையைத் தூக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டித் துவக்கின் வாயைக் கீழே அமத்தினான்.

"அட, இது மேசன் குண்டு" என்று சிங்களத்தில் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். படுத்த இடத்தில் இருந்து எழும்ப முடியாமல் சிரித்தான். அவனுடைய அப்பாவும் ஒரு பாஸாம். அந்தக் குண்டோடு சின்ன வயதில் விளையாடி அடி வாங்கினவனாம். பிறகு என்னைக் கூப்பிட்டு, நான் சொன்னதை எல்லாம் முதலில் இருந்து சொல்லச் சொன்னான். பஸ், பாஸ், உகுல. ஒவ்வொன்றுக்கும் மற்ற ஆமிக்காரருக்கு விளக்கம் சொன்னான். 'பாஸ் கத்துமா' என்ற இடத்தில் மீன்காரனே அழுதுவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு மழை வருகிறது. பீலி, கலங்கல், வாளி, கொட்டில், நெருப்பு என்று தெரிந்த சொற்களை எல்லாம் எறிந்து கத்தினேன். இந்தத் தரம் எல்லாம் சரியாக வந்தது போல. கோப்ரல் சிரிப்பை நிறுத்தினான்.

அவன் செய்த வேலையைப் பாருங்கள். குண்டை வாங்கிக்கொண்டுபோய்த் தன் காவலரண் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தான். மூட்டைகள் கிழிந்து, மண் ஒழுகி, சுவர் ரோட்டுப் பக்கம் சரிந்து நின்றது. புது மூட்டை போடு என்று மேலிடத்தில் இருந்து வெறும் சாக்கு மட்டும் வந்திருக்கிறது, மண் வரவில்லை. அவன் சுவரைப் பார்த்தான். நான் கொட்டின குவியலைப் பார்த்தான். மண்ணை எடுத்துக் கையில் பிசைந்தான்.

"இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

"நீர் கேட்கிற அளவு இருக்கிறது!"

அடுத்த நடை ட்ரக்டரில் ஆமிக்காரரும் சாக்குகளும் ஏறினார்கள். ட்ரைவர் ஓடின ஓட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சைட்டில் ஆமி இறங்கியதும் சமையல்கார அக்கா "மாதாவே!" என்று அகப்பையோடு ஓடினா. பாஸ் தன் குண்டைக் கண்டதும் சாரத்தில் இருந்து இறங்கி வந்து அதை முத்தமிட்டார். ஆள் போதாது என்று ஆமிக்காரர் கீழ் ஒழுங்கைப் பெடியங்களையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? கொட்டிலைக் கொளுத்தச் சொன்னவன் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான், எங்கள் ட்ரைவர் மண்ணை அள்ளிப் போட்டான். போடும்போது கொஞ்சம் அவன் காலிலும் போட்டான். வேண்டுமென்றுதான் போட்டான். நான் வானத்தைப் பார்த்தேன்.

உகுலவின் அடி தெரிந்தபோது முதல் துளி விழுந்தது. பிறகு கொட்டியது மழை இல்லை, மலையே தண்ணீராக இறங்கியது. நான் குடையோடு கீழே பீலியடிக்குப் போனேன். அந்த ஒழுங்கைப் பெரியவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முன்பே அங்கே நின்றார். இருவரும் பீலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் தெளிவாகவே விழுந்தது. அவர் ஏந்தி ஒரு வாய் குடித்தார். பிறகு, நீயும் குடி என்று கை காட்டினார். குடித்தேன். அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு உகுல நிரம்ப நிரம்ப செக் பொயின்றில் இருந்தே கேட்டு அனுப்பினார்கள், பஸ் வந்துவிட்டதா என்று. எங்கள் பஸ்ஸை யாரும் மறித்ததில்லை.

கதை இதோடு முடியவில்லை. மழைக்காலத்தில் மூட்டைகள் முளைக்கத் தொடங்கின. தையலுக்கால், கிழிசலுக்கால், துவக்கு நீட்டுகிற ஓட்டைக்கால் எல்லாம் பூசணிக் கொடி வெளியே எட்டிப் பார்த்தது. மஞ்சள் பூவும் இலையுமாகக் காவலரண் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்து இது என்ன என்று கத்தினாராம். தூரத்தில் இருந்து பார்த்தால் காவலரண் தெரியக் கூடாது என்று வளர்த்தோம் ஐயா என்றானாம் கோப்ரல். அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனாராம்.

ஒருநாள் கோப்ரல் ட்ரக்டரை நிறுத்தச் சொல்லி, பெரிய காய் ஒன்றை என் மடியில் வைத்தான். "வட்டக்கா" என்றான். "ஆமாங்க, வட்டக்கா!" என்றான் ட்ரைவர் சந்தோஷமாக. இரண்டு பேருக்கும் ஒரே சொல். ப இல்லை, நீட்டல் இல்லை, ஒரு குழப்பமும் இல்லை. அக்கா அதைக் கறியாக்கிப் போட்டுவிட்டு, "பாத்தீங்களா சார், கொடல நான் சரியான எடத்துலதான் போட்டிருக்கேன்" என்று சொன்னதை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது.

கட்டிடம் கூரை மட்டத்துக்கு வந்தபோது கோப்ரலுக்கு மாற்றம் வந்தது. வடக்குக்கு. என் ஊர்ப் பக்கம். போகிற அன்று சைட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே, அங்கே போய்ச் சொல்ல நாலு தமிழ்ச் சொல் சொல்லித் தா என்று கேட்டான். மண் என்று சொல்லிக்கொடுத்தேன். தண்ணி என்று சொல்லிக்கொடுத்தேன். குண்டு என்ற சொல்லை மறந்துவிடு என்றேன். வட்டக்கா தெரியும்தானே என்றான். அங்கே அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது, நாங்கள் பூசணி என்போம் என்றேன். பூசணி, பூசணி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போனான். கடைசிவரை அவனுக்கு அந்த ணி வரவில்லை.

பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஒரு ப சரியாக வராமல் நான் நடுரோட்டில் நின்றபோது எதிரில் சிரிக்கத் தெரிந்த ஒருவன் இருந்தான்; அந்த ணி வராமல் என் ஊர் ரோட்டில் அவன் நின்றபோதும் எதிரில் அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று, கோபக்காரனான நான், பூசணிக்கறி சாப்பிடும் போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.